நகுரு ஏரி: பூநாரை இல்லாவிட்டாலும் போகலாமா?

#1 தேன்சிட்டு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. ஜனவரி கடைசியில் அப்பா, அம்மா, தங்கையோடு கென்யா போகிறோம். மசாய் மாரா முடிவாகிவிட்டது. அங்கிருந்து நைரோபி திரும்பும்போது நகுரு ஏரி தேசியப் பூங்காவில் தங்குவதாகப் பயண ஏற்பாட்டாளர் போட்டிருக்கிறார். அப்பாவுக்கு இந்தப் பயணத்தில் அது ஒன்றுதான் முக்கியம். கரை முழுக்க ரோஸ் நிறத்தில் பூநாரைகள் நிற்கும் படத்தை எப்போதோ ஒரு பத்திரிகையில் பார்த்துவிட்டு, அதையே பேசிக்கொண்டிருக்கிறார்.

இப்போது அலுவலகத்தில் ஒருவர், "அங்கே இப்போது பூநாரையே கிடையாது, ஏரி பொங்கி வெள்ளக்காடாகக் கிடக்கிறது, பேசாமல் நைவாஷாவில் படகில் சுற்றிவிட்டு வாருங்கள்" என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்களேன். பூநாரை இல்லாத நகுருவில் வேறு என்ன பார்க்க இருக்கிறது? அப்பாவுக்கு முழங்கால் வலி வேறு, அதிகம் நடக்க முடியாது.

#2 கேமராக்காரன்

உங்கள் அலுவலக நண்பர் சொல்வதைக் கேளுங்கள். நான் போய் ஏமாந்தவன். என்னைக் கூட்டிப்போன நிறுவனத்தின் விளம்பரத் தாளில் அட்டை முழுக்க ரோஸ் நிறம். அங்கே போனால் தண்ணீர் மரங்களுக்கு நடுவில் நிற்கிறது, பாதிச் சாலை ஏரிக்குள் போய் முடிகிறது, எங்கு பார்த்தாலும் பட்ட மரம். தொலைவில் ரோஸ் கோடு ஒன்று தெரிந்தது. பெரிய லென்ஸைப் போட்டுப் பார்த்தால் கானல் அலையில் ஒன்றும் தெளிவாக விழவில்லை. கேட்டதற்கு, "அடுத்த மாதம் வரும் சார்" என்றார் ஓட்டுநர். அடுத்த மாதம் எனக்கு அலுவலகம் அல்லவா இருக்கிறது!

#3 நைரோபிவாசி

கேமராக்காரன், விளம்பரப் படம் பழையது என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. பல நிறுவனங்கள் இன்னும் அதே படத்தைத்தான் போடுகிறார்கள். ஆனால் "பூநாரை போய்விட்டது" என்று சொல்லும்போதுதான் எனக்குச் சண்டை வருகிறது. நகுருவில் அது எப்போதும் நிரந்தரமாகக் குடியிருந்த பறவையே இல்லை. சாப்பிட வரும், தீனி தீர்ந்தால் கிளம்பிவிடும்.

பெரும் பிளவுப் பள்ளத்தாக்கை வரைபடத்தில் பாருங்கள். வடக்கே பொகோரியா, அடுத்து நகுரு, எலமென்டைட்டா, தெற்கே மகாடி, எல்லை தாண்டி தான்சானியாவில் நேட்ரான். எல்லாம் சோடா ஏரிகள். ஆறு உள்ளே வரும், வெளியே போக வழி கிடையாது. வெயிலில் தண்ணீர் ஆவியாகி உப்பும் சோடாவும் தங்கிவிடும். சிறு பூநாரைகள் இந்த ஏரிகளுக்குள் மாறி மாறிச் சுற்றுகின்றன, அதுவும் பெரும்பாலும் ராத்திரியில். நேற்று மாலை ஆயிரக்கணக்கில் நின்ற இடம் இன்று காலை காலியாக இருக்கலாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் அவை கூடு கட்டுவது கிட்டத்தட்ட எல்லாமே நேட்ரானில்தான். 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதும் நகுருவை மட்டும் தனியாகச் சேர்க்கவில்லை. பொகோரியா, எலமென்டைட்டா, நகுரு மூன்றையும் ஒரே தொகுதியாகச் சேர்த்தார்கள்.

அப்புறம், ஏரியின் அளவு. 2010 வாக்கில் நகுரு ஏறத்தாழ 40 சதுர கிலோமீட்டர். 2020இல் 68. பூங்காவின் மொத்தப் பரப்பே 188 என்பதால், பத்தே ஆண்டில் எவ்வளவு தரை தண்ணீருக்குள் போனது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பழைய முதன்மை வாயில் மூழ்கி, வேறு இடத்துக்கு மாற்றினார்கள். நீங்கள் பார்த்த பட்ட மரங்கள் எல்லாம் பழைய கரையோரக் காடு.

இதே ஏரி 1995-96இல் ஏறக்குறைய வறண்டே போனது. அப்போது வெள்ளைத் தரையில் சோடாப் புழுதி பறந்ததாக இங்கே பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அன்றைய பயம் ஏரி செத்துவிடும் என்று. இன்றைய பயம் நேர் எதிர்.

#4 உள்ளான்_ரசிகன்

தண்ணீர் கூடினால் பறவைக்குக் கொண்டாட்டம்தானே என்று நம் ஊர் ஏரிகளை வைத்து நினைத்துவிடுவோம். சிறு பூநாரைக்கு அது பட்டினி. அதன் அலகைக் கொஞ்சம் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

நகுருவில் இரண்டு இனம் வரும். பெரும் பூநாரை உயரமானது, வெளிறிய உடம்பு, ரோஸ் அலகின் நுனி மட்டும் கறுப்பு. கோடியக்கரை, பழவேற்காட்டில் நாம் பார்ப்பது இதைத்தான். சிறு பூநாரை குட்டையானது, நிறம் அடர்த்தி, அலகு முழுவதும் கருஞ்சிவப்பு, தூரத்தில் கறுப்பாகவே தெரியும். கூட்டத்தில் பெரியது வெள்ளைத் தூண் மாதிரித் தனியாக எழுந்து நிற்கும். நகுருவின் பேரெல்லாம் சிறியதால் வந்தது.

பெரியது சேற்றைக் காலால் மிதித்துக் கலக்கி, அடியில் இருக்கும் புழு, பூச்சி, சிறு இறால் எல்லாவற்றையும் வடிக்கும். சிறியது அப்படிக் கலக்காது. கழுத்தை வளைத்து, தலையைத் தலைகீழாகத் தண்ணீரின் மேல்மட்டத்தில் மட்டும் வைத்து, இடமும் வலமும் வீசிக்கொண்டே நடக்கும். உள்ளே தடித்த நாக்கு விநாடிக்குச் சுமார் இருபது தடவை முன்னும் பின்னும் போய்த் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளுகிறது. அலகின் உள்விளிம்பில் மயிரிழை போன்ற தகடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அதில் சிக்குவதுதான் சாப்பாடு: நம் மருந்துக்கடையில் மாத்திரையாக விற்கிறார்களே, அந்த ஸ்பைருலினா வகை நீலப்பச்சைப் பாசி. ரோஸ் நிறமும் அதில் இருக்கும் நிறமியால் வருவதுதான்.

அந்தப் பாசிக்குக் காரத்தன்மை வேண்டும். பி.எச். (அமிலம், காரம் அளக்கும் எண்) பத்துக்கு மேல் போகும் தண்ணீரில் மற்ற பாசிகள் திணறும்போது இது மட்டும் தழைக்கும், ஏரியே கீரைக் கடைசல் நிறத்துக்கு வந்துவிடும். மழைநீர் நிறையச் சேர்ந்து காரம் இளகினால் வேறு பாசிகள் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஏரி பெரிதாகியும் தட்டு காலி. கிழக்கு ஆப்பிரிக்காவின் 22 சோடா ஏரிகளைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்விலும் இதுதான் தெரிந்தது. நகுருவின் நீர்ப்பரப்பு 2009க்குப் பிறகு இரண்டு மடங்கை நெருங்கியிருக்கிறது, பாசியின் பச்சையம் பாதியாகக் குறைந்திருக்கிறது.

இன்னொன்று. மேல்மட்டத்தில் சாப்பிடும் பறவை என்பதால் காற்றடித்து அலை எழுந்தால் சிறு பூநாரைக்குச் சிரமம். தேன்சிட்டு, பார்ப்பதானால் அதிகாலையில் கரைக்குப் போய்விடுங்கள். கேமராக்காரன் சொன்ன கானல் தொல்லையும் அப்போது இருக்காது.

#5 கேமராக்காரன்

அறிவியல் எல்லாம் சரி. ஆனால் பக்கத்திலேயே அவ்வளவு பெரிய நகரம் இருக்கிறது. அதன் சாக்கடை எங்கே போகிறது? எல்லாப் பழியையும் மழை மேல் போட்டுவிட்டால் நகராட்சிக்கு வசதிதான்.

#6 நைரோபிவாசி

நியாயமான கேள்வி. நகுரு நகரத்தில் 2019 கணக்கெடுப்புப்படி 5 லட்சத்து 70 ஆயிரம் பேர். வேலியை ஒட்டியே வீடுகள். கழிவுநீரும் மழைநீர் வாய்க்கால்களும் ஏரிப் பக்கம்தான் சரிகின்றன. 1990களில் நகுருவிலும் பொகோரியாவிலும் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் செத்து ஒதுங்கியபோது, உடல்களைச் சோதித்ததில் கன உலோகங்களும் இருந்தன, நீலப்பச்சைப் பாசிகளில் சில வகை சுரக்கும் நஞ்சும் இருந்தது, காசநோய்க் கிருமியும் இருந்தது. ஆகவே நகரத்துக்குப் பங்கே இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆனால் தண்ணீர் ஏறியதற்கு நகரத்தைச் சொல்ல முடியாது. அதே பத்தாண்டில் நைவாஷா ஏறியது, பரிங்கோ ஏறியது, பொகோரியா ஏறியது, வடக்கே பாலைநிலத்தில் கிடக்கும் துர்கானாவும் ஏறியது. பரிங்கோவுக்குப் பக்கத்தில் என்ன பெரிய நகரம் இருக்கிறது? 2010க்குப் பிறகு இந்த மேட்டுநிலத்தில் மழை கூடியிருக்கிறது. மேற்கே மாவ் மலைக்காட்டை வெட்டி விவசாயம் செய்ததில், மண்ணில் ஊறி மெதுவாக வரவேண்டிய தண்ணீர் வண்டலோடு ஒரே மூச்சில் இறங்குகிறது. ஞோரோ, மகாலியா, ண்டெரிட் என்று நகுருவுக்கு வரும் ஆறுகள் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகின்றன. நிலநடுக்கப் பிளவுகளுக்கும் பங்கு உண்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மழையும் காடும் போதுமான காரணமாகத் தெரிகிறது.

இப்போது கவலைக்குரிய இடம் பொகோரியாவும் பரிங்கோவும். ஒன்று சோடா ஏரி, மற்றது நன்னீர். இரண்டுக்கும் நடுவில் இருப்பது தாழ்வான சதுப்பு. தண்ணீர் இப்படியே ஏறி இரண்டும் கலந்துவிட்டால் முதலை, மீன் இருக்கும் ஏரிக்கும் பூநாரை ஏரிக்கும் இரண்டுக்கும் கேடு.

#7 வேலமரம்

நான் தாவரவியல் ஆசிரியை, ஓய்வு பெற்றவள். எல்லோரும் பறவையையே பேசுவதால் மரத்தைப் பற்றிக் கொஞ்சம்.

அந்தப் "பட்ட மரங்கள்" மஞ்சள் பட்டை வேலமரங்கள். நம் கருவேலத்துக்குச் சொந்தம்தான், ஆனால் நிமிர்ந்து உயரமாக வளரும். பட்டை எலுமிச்சை நிறம். விரலால் தேய்த்தால் மஞ்சள் பொடி ஒட்டும், பொடிக்குக் கீழே பச்சை. அந்தப் பட்டையே ஒளிச்சேர்க்கை செய்கிறது. நிலத்தடி நீர் மேலாக இருக்கும் இடம் பிடிக்கும் மரம்தான், என்றாலும் ஆண்டுக்கணக்கில் சோடாத் தண்ணீரில் வேர் மூழ்கி நின்றால் அதுவும் என்ன செய்யும்? செத்துவிடுகிறது.

உயிரோடு இருக்கும் மரங்களை உற்றுப் பாருங்கள். ஆள் எட்டாத உயரத்தில் பட்டை நீளவாட்டில் உரிந்து செம்பழுப்புத் தழும்பு இருக்கும். யானை வேலை என்று நினைப்பீர்கள், ஆனால் இந்தப் பூங்காவில் யானை கிடையாது. செய்வது ஒட்டகச்சிவிங்கி. கீழ்ப்பல்லைக் கொடுத்துக் கீழிருந்து மேலாக இழுத்து உரிக்கும். மேற்குக் கென்யாவில் அருகிக்கொண்டிருந்த ராத்ஸ்சைல்டு ஒட்டகச்சிவிங்கிகளை 1970களில் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். வேலி போட்ட இடத்தில் அவை பெருகின, வேலமரங்கள் அதற்கு விலை கொடுத்தன. மரத்தைச் சுற்றிலும் பட்டை போய்விட்டால் மரம் காய்ந்துவிடும். ஒரு அரிய விலங்கைக் காப்பாற்றப் போய் ஒரு காட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னக் கொடுத்திருக்கிறோம். யார் பக்கம் நிற்பது என்று கேட்டால், நான் மரத்தின் பக்கம்!

மாராவில் பார்ப்பது மசாய் ஒட்டகச்சிவிங்கி. அதன் திட்டுகள் கிழிந்த இலை போல் ஓரம் பிசிறி, கால் குளம்புவரை வரும். நகுருவில் பார்ப்பதற்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை, வெள்ளைக் காலுறை போட்டது போல இருக்கும். தங்கையிடம் சொல்லி வையுங்கள், கண்டுபிடிக்கட்டும்.

கிழக்குச் சரிவில் மரக்கள்ளிக் காடு ஒன்று இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். நம் வேலியோரச் சதுரக்கள்ளியின் உறவு, ஆனால் வீட்டுக்கூரையைத் தாண்டி வளர்ந்து, மேலே கிளைகள் விளக்குத்தண்டாக விரியும். ஒரு கிளை ஒடிந்தால் கொட்டும் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, தொட வேண்டாம். காடாகவே கள்ளியைப் பார்ப்பது அபூர்வம்.

#8 மன்னார்_கரையோன்

டீச்சர் சொன்னதை வாசிக்க ஒரு கேள்வி வருகுது. சுற்றிவர மின்வேலி. கொண்டுவந்து விட்ட ஒட்டகச்சிவிங்கி. காண்டாமிருகமும் வெளியில் இருந்து வந்ததுதானாம். வேலிக்கு அங்கால் பேருந்து ஓடுது. இலங்கையில் வில்பத்து, யால என்று காடுகளுக்குப் போய்ப் பழகின எங்களுக்கு இதைக் காடு என்று சொல்ல மனம் வரவில்லை. பெரிய மிருகக்காட்சிசாலை என்று சொன்னால் பிழையா?

#9 நைரோபிவாசி

கரையோன் அண்ணா, இந்தக் கேள்வி எனக்கும் வந்ததுண்டு. வேலி ஏன் வந்தது என்று தெரிந்தபின் கொஞ்சம் அடங்கியது.

1970 வாக்கில் கென்யாவில் கருப்புக் காண்டாமிருகம் ஏறத்தாழ 20,000. 1980களின் கடைசியில் 400க்கும் குறைவு. இருபதே ஆண்டுக்குள் கொம்புக்காக வெட்டித் தள்ளிவிட்டார்கள். திறந்த சமவெளியில் சிதறிக் கிடந்த ஒன்றிரண்டுக்குக் காவல் போட முடியாது, அவை துணை தேடவும் முடியாது. பிடித்து வேலிக்குள் கொண்டுவந்து, துப்பாக்கிக் காவலோடு பெருக்குவது ஒன்றுதான் வழியாக இருந்தது. அதற்காக முதலில் அமைத்த காப்பிடங்களில் நகுருவும் ஒன்று. இன்று நாடு முழுக்கக் கருப்புக் காண்டாமிருகம் ஆயிரம் அளவுக்கு மீண்டிருக்கிறது என்றால் இந்த வேலிகளால்தான். வெள்ளை இனம் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது, அது சரி.

மிருகக்காட்சிசாலையில் தீனி கொடுப்பார்கள். இங்கே சிங்கம் காட்டெருமையைத் தானே அடித்துத்தான் சாப்பிட வேண்டும். காட்டெருமையும் சும்மா இருக்காது.

வேலியின் சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. உள்ளே பெருகினால் போக இடமில்லை, மனிதர்கள்தான் பிடித்து வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். ஜூலை 2018இல் நைரோபிப் பூங்காவிலிருந்தும் நகுருவிலிருந்தும் கருப்புக் காண்டாமிருகங்களைக் கிழக்கு சாவோ தேசியப் பூங்காவுக்கு மாற்றும் வேலை நடந்தது. அங்கே குடிக்க வைத்த ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம். தாகத்துக்கு அதையே குடித்தன, குடிக்கக் குடிக்கத் தாகம் கூடியது. கொண்டுபோன 11இல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடைசியாக நின்ற ஒன்றைச் சிங்கங்களும் தாக்கின. அந்தச் செய்தி வந்த வாரம் இங்கே டீக்கடையிலும் அதே பேச்சு.

இப்போது ஏரி வேறு தரையைத் தின்றுவிட்டது. வேலி நகராது, தண்ணீர் நகர்கிறது. நடுவில் இருக்கும் புல்வெளியில்தான் காட்டெருமை, வரிக்குதிரை, நீர்மான், இம்பாலா எல்லாம் நெருக்கிக்கொண்டு மேய்கின்றன.

#10 மன்னார்_கரையோன்

விளக்கத்துக்கு நன்றி தம்பி. சாவோக் கதை தெரியாது. என்றாலும் வேலி வேலிதான்.

#11 உள்ளான்_ரசிகன்

வேலிக்குள் வராத விருந்தாளி ஒன்றைச் சொல்கிறேன்: வெண் கூழைக்கடா. எனக்கு நகுருவில் பிடித்த கதை இதுதான்.

பழைய நகுருவில் மீனே கிடையாது. அந்தக் காரத்தில் எது உயிர் வாழும்? 1950களில் தொடங்கி 60கள் வரை, கொசுவை ஒழிக்கலாம் என்று மகாடி ஏரியின் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் விரல்நீளத் திலேப்பியாவைக் கொண்டுவந்து விட்டார்கள். உடம்பு சுடும் தண்ணீரிலும் வாழும் மீன், நகுரு அதற்குச் சொகுசு. பெருகித் தள்ளியது. கொசு என்ன ஆனதோ, ஆயிரக்கணக்கில் கூழைக்கடா வந்து இறங்கியது. கூடவே நீர்க்காகம், மீன்கழுகு, நாரை, மீன்கொத்தி என்று ஒரு பட்டாளம். பாசி, பூநாரை என்று உணவுச் சங்கிலியில் இரண்டே கண்ணியோடு இருந்த ஏரிக்கு மூன்றாவது கண்ணி வந்து சேர்ந்தது.

கூழைக்கடாவுக்குக் கூடு கட்ட நரி, கழுதைப்புலி வராத தீவு வேண்டும். நகுருவில் அது இல்லை. பக்கத்து எலமென்டைட்டாவில் பாறைத் தீவுகள் உண்டு, ஆனால் அங்கே மீன் இல்லை. ஆகவே வீடு அங்கே, சாப்பாடு இங்கே. 1960களின் கடைசியில் அந்தத் தீவுகளில் கூழைக்கடாக்கள் குடியேறியதும், அதுவரை அங்கே முட்டையிட்டுக்கொண்டிருந்த பெரும் பூநாரைகளுக்கு இடம் போனது. கொசுவுக்காக விட்ட மீன் அடுத்த ஏரியில் பூநாரையின் கூட்டைக் கலைத்தது!

இப்போதும் காலை வெயில் ஏறி, தரை சூடாகிக் காற்று மேலெழும் நேரத்தில் தென்கிழக்கு வானத்தைப் பாருங்கள். சிறகடிக்காமல் வட்டம் போட்டு உயர்ந்து, அப்படியே சரிந்து நகுருவுக்கு வந்து இறங்கும். மீன் பிடிப்பது கூட்டாக. அரைவட்டமாக நீந்தி வந்து மீனை நெருக்கி, ஒரே நேரத்தில் எல்லா அலகும் தண்ணீருக்குள் போகும், ஒரே நேரத்தில் மேலே வரும். யார் தாளம் கொடுக்கிறார்கள் என்று தெரியாது.

ஏரி ஏறியபின் நன்னீர் வகை திலேப்பியாவும் உள்ளே வந்துவிட்டதால் மீன் உண்ணும் பறவைகளுக்கு இது பொற்காலம். கேமராக்காரன் திட்டிய பட்ட மரங்களில்தான் நீர்க்காகங்கள் கூடு வைத்திருக்கின்றன, மீன்கழுகு உட்காருவதும் அங்கேதான். வெள்ளைத் தலை, செம்பழுப்பு வயிறு. தலையைப் பின்னால் எறிந்து கத்தினால் ஏரியின் மறுகரைக்குக் கேட்கும். பூநாரை நிறைய இருக்கும் பொகோரியாவில் இந்தக் கழுகு பூநாரையையே அடித்துத் தின்னும்.

எனக்கு வருத்தம் வேறு. கரையோரச் சேற்றுத் திட்டெல்லாம் மூழ்கிவிட்டது. கோணமூக்கு உள்ளான், நெடுங்கால் உள்ளான், வடக்கிலிருந்து குளிருக்கு ஒதுங்கும் கொசு உள்ளான் எல்லாம் முன்பு கரை நெடுக ஓடும். இப்போது திட்டு தெரியும் இடமாகப் பார்த்துத் தேட வேண்டும். கோடியக்கரையில் நாம் பார்க்கும் அதே கொசு உள்ளான் இனம்தான், வேறு கூட்டம். என் பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் இதற்காகத்தான் அழுவேன்.

#12 தேன்சிட்டு

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். கூழைக்கடா கதையை மறுபடி படிக்கச் சொன்னார். சிறு பூநாரை நேட்ரானில் மட்டும் ஏன் கூடு கட்டுகிறது என்று கேட்கிறார். எனக்கு வேண்டியது: கூட்டமாகப் பூநாரை பார்க்க வேறு எங்கே போகலாம்? நகுருவை வைத்துக்கொள்ளலாமா, விடலாமா?

#13 நைரோபிவாசி

அப்பாவின் கேள்விக்கு முதலில். நேட்ரானின் நடுவே சோடாப் பாளங்கள் மிதக்கும் சேற்றுப் பரப்பு இருக்கிறது. வெயில் கொளுத்தும், தண்ணீர் தோலை அரிக்கும், கழுதைப்புலியோ நரியோ நடந்து போக முடியாது. அதனால்தான் அங்கே. சேற்றைக் குவித்து மேடை கட்டி, ஒரே முட்டை இடும். 1950களின் நடுவில் லெஸ்லி பிரவுன் என்ற வேளாண் அதிகாரி, விமானத்திலிருந்து அந்தக் கூடுகளைப் பார்த்துவிட்டு நடந்தே போய்விடலாம் என்று இறங்கினார். சேற்றில் புதைந்து புதைந்து, காலணிக்குள் சோடா புகுந்து கால் வெந்து, பல வாரம் மருத்துவமனையில் கிடந்தார். பூநாரையின் பாதுகாப்பு ஏற்பாடு அப்படி. அந்த ஒரே ஏரியை நம்பித்தான் எல்லாம் என்பது பலவீனமும்கூட. 2006 வாக்கில் அங்கே சோடா ஆலை போடும் திட்டம் வந்தபோது பறவை ஆர்வலர்கள் உலகம் முழுக்க அப்படிக் குரல் கொடுத்ததும் அதனால்தான்.

இப்போது உங்கள் பயணம். கூட்டம்தான் வேண்டும் என்றால் பொகோரியா. நகுருவிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கரையில் வெந்நீர் ஊற்றுகள் கொதிக்கும், ஏரி ஏறியதில் சில ஊற்றுகள் மூழ்கிவிட்டன. அங்கேயும் எண்ணிக்கை ஏறி இறங்கும், ஆனாலும் இருக்கிற ஏரிகளில் வாய்ப்பு அதிகம் அங்கேதான். அதற்கு நேரமில்லை என்றால், நைரோபி திரும்பும் வழியில் நெடுஞ்சாலையிலிருந்தே எலமென்டைட்டா தெரியும். மேட்டில் வண்டியை நிறுத்தினால் கரையில் ரோஸ் ஓரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம், கரைக்கு இறங்கிப் போகவும் வழி உண்டு. கிளம்பும் வாரத்தில் எந்த ஏரியில் கூட்டம் நிற்கிறது என்று உள்ளூர் ஓட்டுநரைக் கேளுங்கள். சென்னையிலோ துபாயிலோ உட்கார்ந்து பயணம் விற்பவரைக் கேட்காதீர்கள்.

நகுருவை விடாதீர்கள் என்பேன். இரண்டு வகைக் காண்டாமிருகத்தையும் ஒரே நாளில் பார்க்க இதைவிட எளிதான இடம் அதிகம் இல்லை. திறந்த புல்லில் தலை குனிந்து மேய்வது வெள்ளை, அகன்ற வாய். புதருக்குள் இலையை உதட்டால் வளைத்துப் பறிப்பது கருப்பு, கூச்சமும் கோபமும் அதிகம். சிங்கம் சில சமயம் வேலமரக் கிளையில் ஏறிப் படுத்திருக்கும். சிறுத்தையும் உண்டு. ஹோட்டலில் மூன்றாவது காபி ஆறிக்கொண்டிருக்கும்போது அது சாலையைக் கடந்திருக்கும், அதனால் விடியலில் கிளம்பிவிடுங்கள்.

முழங்காலுக்குக் கவலை வேண்டாம். பூங்காவுக்குள் குறிப்பிட்ட இடங்கள் தவிர வண்டியை விட்டு இறங்கவே அனுமதி கிடையாது. மேற்கே பபூன் பாறை முகட்டின் மேல்வரை வண்டி போகும், மொத்த ஏரியும் காலடியில் தெரியும். தெற்கே மகாலியா அருவியும் வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கம். நுழைவுக் கட்டணம் ரொக்கமாக வாங்கமாட்டார்கள், இணையத்தில்தான் கட்ட வேண்டும். ஏற்பாட்டாளர் முன்கூட்டியே கட்டிவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாராவிலிருந்து வரும் சாலை நாரோக் வழியாக அரை நாளை விழுங்கும், லாரிகள் ஜாஸ்தி. அன்று மாலை சுற்றலை எதிர்பார்க்காதீர்கள்.

#14 மட்டுறுத்துநர்

நல்ல இழை, மேலே ஒட்டி வைக்கிறேன். பயண நிறுவனங்களின் பெயரைப் போட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கோபம் புரிகிறது, ஆனாலும் அதற்கு இடம் இது இல்லை.

#15 கேமராக்காரன்

என் கோபம் பறவை மேலோ ஏரி மேலோ இல்லை. பழைய படத்தைக் காட்டி விற்பவர்கள் மேல். அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

அது இருக்கட்டும். உள்ளான் அண்ணே, ஒரு சந்தேகம். அந்த முகட்டில் எடுத்த படம் ஒன்றைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். முதுகு நீலமாக மின்னுகிறது, வயிறு ஆரஞ்சு, மைனா அளவு. எல்லோரும் சூப்பர்ப் மைனா என்கிறார்கள். ஆனால் இணையத்தில் பார்க்கும் படத்துக்கும் இதற்கும் ஏதோ இடிக்கிறது.

#16 உள்ளான்_ரசிகன்

படம் பார்த்தேன். கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள், சிவப்பு. சூப்பர்ப் மைனாவுக்குக் கண் வெளிறிய மஞ்சள் வெள்ளை, நீல மார்புக்கும் ஆரஞ்சு வயிற்றுக்கும் நடுவில் பளிச்சென்று வெள்ளைப் பட்டை ஒன்று இருக்கும். உங்களுடையதில் பட்டை இல்லை, நீலத்துக்குக் கீழே ஆரஞ்சு நேராகத் தொடங்குகிறது. ஹில்டபிரான்ட் மைனா. கென்யாவிலும் தான்சானியாவிலும் மட்டுமே இருக்கும் இனம், பூநாரையைவிடச் சின்ன எல்லை. சாப்பாட்டு மேசைப் பக்கம் இரண்டும் கலந்தே வரும், அதனால்தான் பலரும் ஒன்றாக நினைக்கிறார்கள்.

தேன்சிட்டு, அதே முகட்டில் நீங்களும் மதியச் சாப்பாட்டைப் பிரிப்பீர்கள். மைனாவுக்குப் பயமில்லை. பபூன் வந்தால் வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு டிபன் டப்பாவை உள்ளே வையுங்கள், திறந்த கதவு வழியாக ஏறி உட்கார்ந்துவிடும்.

#17 தேன்சிட்டு

சரி, நகுரு உறுதி. ஏற்பாட்டாளரிடம் பேசி, நைவாஷாவை எடுத்துவிட்டுப் பொகோரியாவைச் சேர்த்தாயிற்று. வந்ததும் எந்த ஏரியில் எவ்வளவு இருந்தது என்று இதே இழையில் போடுகிறேன்.

#18 வேலமரம்

வேலமரத் தழும்புகளைப் படமெடுத்து வாருங்கள், மறக்க வேண்டாம். உரிந்த உயரமும் மரத்தைச் சுற்றி எவ்வளவு உரிந்திருக்கிறது என்பதும் தெரிகிற மாதிரி.